குதிரைமேல் ஒருவர், சைக்கிளில் ஒருவர்

குதிரையின்மீது ஒருவரும் சைக்கிள் வண்டியில் மற்றொருவருமாக ஒரே பாதையில் உடன் செல்லுதல் எளிதன்று. இஃது ஏட்டில் கற்றதன்று. ஞாயிறுதோறும் காலையில் நாம் பட்டறிந்தது. நம் நண்பர் ஒருவர் குதிரைப் பந்தயத் திடலொன்றில் பல்லாண்டுகள் குதிரை பார்க்கும் வேலை செய்தவர். அவருடைய தந்தையாரும் அவ்வேலையிலேயே மூப்படைந்தவர். பந்தயத்திற்கு இனி உதவாதெனத் தள்ளப்பட்ட குதிரையொன்று, நமது தோட்டத்தை அடுத்த சிறு லாயத்தில் இப்போது அவருடைய பொறுப்பில் இருக்கிறது. அதற்கு நாளும் கால் பழகவேண்டும். வாரமெல்லாம் ஆபீஸ் நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதும் நமக்கோ முழங்கால் மரத்துப் போகாமல் இருக்கவேண்டும். ஆதலால் அவர் குதிரையிலும் நாம் சைக்கிளிலுமாகச் செம்பனை மரங்களினூடே செல்லும் செம்மண் பாதையில் இரண்டு மணி நேரம் சுற்றி வருவது வழக்கமாயிற்று.

வேகம் ஒத்துவாராமையே இதிலுள்ள முதல் இடர். குதிரை சாதாரணமாக நடந்தால் மணிக்கு 4 மைல் செல்லும். சைக்கிள்காரன் அவ்வளவு மெல்ல மிதித்தால் கைப்பிடி ஆடும். கால் தரையைத் தேடும். குதிரை துள்ளுநடை போட்டு மணிக்கு 8 மைலை எட்டும்போதுதான் இரண்டும் அருகருகே செல்லும். மேட்டில் அது முந்தும். இறக்கத்தில் நாம் முந்துவோம். ஆதலால் எங்கள் உரையாடல் சமநிலத்திற்கு வந்து சேரும்வரை பாதியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஆயினும் வேகத்தைக் காட்டிலும் பெரிய இடர் அச்சமே. குதிரையின் கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்தவை. ஏறத்தாழச் சுற்றுமுற்றும் அனைத்தையும் அது காணும். ஆனால் தனக்கு நேர் பின்னால் உள்ளதைக் காணாது. ஓசையின்றிப் பின்னிருந்து விரைந்து வரும் எதனையும் தன்னைத் தின்னவரும் விலங்கென்றே அது கொள்ளும். சைக்கிளோ ஓசையின்றிப் பின்னிருந்து விரைந்து வருவதற்கென்றே செய்யப்பட்டது போன்ற பொருள்!

முதல் நாள் நாம் இதனை அறிந்திலோம். இறக்கமொன்றில் நாம் பின்னிருந்து வந்து பிரேக்கைப் பிடித்த அளவில், அதன் கீச்சொலி கேட்டுக் குதிரை பக்கவாட்டில் துள்ளிப் பாதையோரக் கால்வாய் வரையில் சென்றுவிட்டது. நண்பர் கடிவாளத்தை இழுத்து, அதன் கழுத்தைத் தட்டி அமைதிப்படுத்திவிட்டு, "கிராணியாரே, கொஞ்சம் எறங்கி ஓரமா நில்லுங்க. எனக்காக இல்ல, இதுக்காக" என்று நகைத்தார். நாம் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு பாதையோரத்தில் நின்றோம். நம் தலைக்குமேல் அவருடைய முழங்கால் கடந்து சென்றது. அப்பொழுது ஒன்று நினைவிற்கு வந்தது. குதிரையேறியவர் கடந்து செல்லச் சைக்கிளை விட்டிறங்கி ஓரமாக நிற்கும் ஒருவனுடைய கதையை நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். அக்கதையைச் சொன்னவர் நம் பாட்டனார். அதில் இறங்கி நின்றவர் அவருடைய தந்தையார். அக்கதைக்கு நாம் பின்னர் வருவோம். குதிரையின் அச்சத்திற்காக இறங்குவதும், குதிரையேறியவரின் பெருமைக்காக இறங்குவதும் வேறு வேறு என்பதையும், முன்னதைப் போர்வையாகக்கொண்டு பின்னது நெடுங்காலம் வாழ்ந்தது என்பதையும் காட்டச் சிறிது வரலாறு கூறவேண்டியிருக்கிறது.

தமிழர்க்குக் குதிரை என்றுமே தொலைவிலிருந்து வந்த பொருள். பாண்டிய நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகளை அரபு நாட்டாரிடமிருந்து கடல்வழியே வாங்கினர் என்றும், பேணத் தெரிந்தவர் இன்மையால் அவற்றுட் பல விரைவில் மடிந்தன என்றும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்தார். நரியைப் பரியாக்கிய திருவிளையாடற் கதையில் அமைச்சர் குதிரை வாங்கவே பொருளோடு அனுப்பப்படுகிறார். புராணத்தை நம்புவோர் நம்புக; குதிரைக்கென அரசன் கருவூலத்தையே திறந்தான் என்னும் செய்தி மட்டும் அதில் மெய்யென்று நாம் கொள்வோம். அரசனும் படைத்தலைவனும் ஏறினர், உழவன் ஏறியதில்லை. ஊர்ப்புறத்துத் தமிழன் அருகிற் சென்று தொட்ட குதிரை பெரும்பாலும் அய்யனார் கோயில் வாயிலில் நிற்கும் மண்குதிரையே. அதிலும் அவன் ஏறலாகாது, சாமி ஏறும். ஏறியவனுடைய கண் நின்றவனுடைய தலைக்குமேல் இருந்தது. மேலிருந்து பார்ப்பவன் மேலானவன் என்னும் எண்ணம் இவ்வாறு உடம்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. வடஇந்திய மாநிலங்கள் சிலவற்றில், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த மணமகன் குதிரையேறி ஊர்வலம் வந்தான் என்பதற்காகக் கல்லெறிந்த செய்திகளும், போலீஸ் காவலோடு மணவூர்வலம் நடந்த செய்திகளும் இந்த 21ஆம் நூற்றாண்டிலும் வந்தவண்ணம் இருக்கின்றன.

இனிச் சைக்கிளின் பிறப்பைக் காண்போம். 1815ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நமது தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த சும்பாவாத் தீவில் தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அவ்வோசையைப் பீரங்கி முழக்கமென்று ஜாவாவில் இருந்தோர் எண்ணினர். வானத்தில் ஏறிய தூசு உலகத்தைச் சூழ்ந்தது. மறு ஆண்டாகிய 1816, ஐரோப்பாவிற்குக் கோடையற்ற ஆண்டாயிற்று. பயிர் விளையவில்லை, மக்கட்கே உணவில்லாதபோது குதிரைக்கு ஓட்ஸ் ஏது? மறு ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள், ஜெர்மானிய நாட்டு மன்ஹைம் நகரத்தில், கார்ல் டிரெயிஸ் என்னும் வனத்துறை அலுவலர், இரண்டு மரச்சக்கரங்களை முன்னும் பின்னுமாகப் பூட்டிய பலகையின்மேல் அமர்ந்து, காலால் தரையை உந்தி உந்திச் சென்று காட்டினார். மிதிகட்டை அதிலில்லை. குதிரைத் தீனிப் பஞ்சமே இப்புதுமையைத் தூண்டியதென ஓர் ஆராய்ச்சியாளர் கூறுவர், மறுப்போரும் உளர். எவ்வாறாயினும் ஆங்கிலேயர் அவ்வண்டிக்கு இட்ட பட்டப்பெயரிலேயே குதிரை என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. தின்னாத குதிரை, உதைக்காத குதிரை என்றே சைக்கிள் உலகிற்கு அறிமுகமாயிற்று.

இடைப்பட்ட அறுபது எழுபது ஆண்டுகளின் கதை பலர் அறிந்ததே. மிதிகட்டை வந்தது, முன்சக்கரம் ஆளுயரம் பெருத்தது, பின்பு சிறுத்தது. 1885இல் இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவாய், பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் வண்டியை ஸ்டார்லி என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நாம் இன்று ஏறும் வண்டி அதன் வழிவந்ததே. உயர்ந்த முன்சக்கரத்தின்மேல் அமர்ந்தவன் குதிரையேறியவனைப் போல் மேலிருந்து பார்த்தான்; இப்புது வண்டியில் அமர்ந்தவனோ நடப்பவனுடைய கண்ணோடு கண் நோக்கினான். இம்மாறுதலை வரலாற்றாசிரியர் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. சட்டமும் விரைவில் குறுக்கிட்டது. இங்கிலாந்தில் 1888ஆம் ஆண்டுச் சட்டமொன்று சைக்கிளை வண்டி வகையில் சேர்த்து, குதிரையையோ நடப்பவரையோ முந்துமுன் மணியாலோ வேறு வகையாலோ கேட்குமாறு எச்சரிக்கை செய்தல் வேண்டுமென விதித்தது. நம் நண்பருடைய குதிரை கேட்டதும் அவ்வளவுதான்: எச்சரிக்கை. சைக்கிள்காரன் இறங்கி வணங்கவேண்டுமென்று அச்சட்டம் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

அதே 1888ஆம் ஆண்டில், பெல்பாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராயிருந்த டன்லப், காற்றடைத்த ரப்பர் டயருக்கு உரிமை பெற்றார். தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கல்பாவிய தெருவில் குலுங்காதிருக்கும் பொருட்டு அவர் அதனைச் செய்தார். நாளும் குதிரையின் குளம்பைப் பார்த்து மருந்திட்ட ஒருவர்தாம் சைக்கிளின் பாதத்திற்கு மெத்தை தைத்துக் கொடுத்தார் என்பது நமக்கு நகையூட்டும் செய்தி. அவருக்கு முன்னரே, 1845இல், தாம்சன் என்பவர் குதிரை வண்டிச் சக்கரத்திற்கென அத்தகைய டயரைச் செய்து உரிமை பெற்றிருந்தார். வாங்குவாரின்றி அது மறைந்தது. சைக்கிளுக்கு வந்தபின்னரே அது வாழ்ந்தது.

குதிரையா, சைக்கிளா என்னும் வழக்கைத் தீர்ப்பதுபோல் இரண்டு பந்தயங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1892ஆம் ஆண்டு அக்டோபரில், பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே ஏறத்தாழ 580 கிலோமீட்டர் தொலைவை, ஜெர்மானிய, ஆஸ்திரியப் படை அதிகாரிகள் குதிரைமேல் கடந்தனர். ஸ்டார்ஹெம்பர்க் என்னும் ஆஸ்திரியப் பிரபு ஏறத்தாழ 71 மணி நேரத்தில் பெர்லினை அடைந்து முதற்பரிசு பெற்றார். அவர் ஏறிவந்த குதிரை இறந்தது. அது மட்டுமன்று, குதிரைகள் பல, வழியிலும் முடிவிலும் மாண்டன. மறு ஆண்டு கோடையில் அதே பாதையில் சைக்கிள்காரர்கள் வியன்னாவிலிருந்து பெர்லினுக்குப் போட்டியிட்டனர். மூனிக் நகரத்து ஜோசப் பிஷர் ஏறத்தாழ 31 மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். பாதி நேரத்திலும் குறைவு! பிரபுக்களும் அதிகாரிகளும் குதிரைகளைக் கொன்று ஓட்டிய தொலைவை, பட்டமும் பதவியும் இல்லாத இளைஞன் தன் இரண்டு கால்களால் கடந்தான். இதனைக் கேள்வியுற்ற போர்க்குதிரைத் தளபதிகள் என்ன நினைத்தனரோ, நாம் அறியோம். தோற்றது குதிரையன்று என்பது நமது கருத்து. அஃது உயிரைக் கொடுத்து ஓடியது. அதன்மேல் இருந்த செருக்கே தோற்றது.

அமெரிக்காவிலும் இதுபோன்றதொரு சோதனை நடந்தது. அதில் சைக்கிள் மிதித்தவர்கள் யாவர் என்பதே நாம் கருதத்தக்கது. 1897ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், கறுப்பினப் போர்வீரரைக் கொண்ட 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த இருபது வீரர்கள், மாஸ் என்னும் வெள்ளை அதிகாரியின் தலைமையில் மொன்டானா மாநிலத்து மிசூலாக் கோட்டையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டனர். ஏறத்தாழ 1,900 மைல் கடந்து 41ஆம் நாள் செயின்ட் லூயி நகரத்தை அடைந்தனர். பனிபெய்த மலையும், சக்கரம் புதையும் மணற்காடும், குடித்தோரை நோயில் வீழ்த்திய தண்ணீரும் அவர்களை நிறுத்தவில்லை. குதிரைக்குத் தீனியும் நீரும் வேண்டும், அது கனைத்துப் பகைவனுக்கு இடங்காட்டிவிடும், சைக்கிளோ அவ்வாறன்று என்பது மாஸ் காட்டிய காரணம். சோதனை வென்றது. ஆயினும் அமெரிக்கப் படை அதனைத் தொடரவில்லை. அவ்வீரர்கள் வண்டிகளை விட்டு, ரெயிலில் ஏறி, வந்த வழியே தங்கள் கோட்டைக்குத் திரும்பினர்.

இவையெல்லாம் மேனாட்டுச் செய்திகள். ஆங்கிலவழியில் படித்த நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே டன்லப்பின் பெயர் தெரியும். ஆனால் சைக்கிளின் கதையில் நமது நாட்டுக்கும் நம்மவர்க்கும் உரிய பக்கத்தை எந்தப் பாடநூலும் நமக்குக் காட்டவில்லை. டன்லப்பின் டயருக்கு ரப்பர் வேண்டும். பிரேசில் நாட்டிலிருந்து 1876இல் விக்கம் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்தன. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் அதனைப் பயிராக நட்டார். முதலில் சைக்கிள் டயரும், பின்னர் மோட்டார் டயரும் கேட்ட கேட்டுக்கெல்லாம் ஈடுகொடுக்கக் காடுகள் அழிந்தன; தோட்டங்கள் எழுந்தன; சேலத்திலும் திருச்சியிலும் தஞ்சையிலும் இருந்து நம் முன்னோர் கப்பலேறினர். விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, மரத்தைக் கீறிப் பால் எடுத்து, அதனை உறையவைத்துத் தாளாக்கி அனுப்பினர். அத்தாள் கடல்கடந்து சென்று, டயராகி, மீண்டும் கடல்கடந்து இங்கேயே விற்பனைக்கு வந்தது. நாட்கூலியில் மிச்சம் பிடித்து அதனை வாங்கியவன் தன் கைப்பாலில் தானே ஏறிச் சென்றான்.

தொடக்க நாளில் தோட்டத் துரைமார் மட்டக்குதிரை ஏறியே காடு சுற்றினர். குதிரை தங்குமிடம் லாயம், தொழிலாளர் தங்குமிடம் லயம். சொல்லில் வேறுபாடு ஒரு கால் மட்டுமே. இருப்பிடத்தில் வேறுபாடு எவ்வளவென்பதை மூத்தோர் அறிவர். குதிரைக்குக் காற்றோட்டம் வேண்டுமென்பதில் யாரும் ஐயுற்றதில்லை. குதிரையைப் பேணியவன் 'சைஸ்' எனப்பட்டான். மோட்டார் வந்தபின் குதிரை மறைந்தது, சொல் மறையவில்லை. மோட்டார் ஓட்டியவனையும் இந்நாட்டில் சைஸ் என்றே நெடுநாள் அழைத்தனர். சொல்லைப் போலவே குதிரைக் காலத்து மரியாதையும் நிலைத்து நின்றது. குதிரை வந்தால் ஒதுங்கு என்பது அறிவு, அது மிரளும். மோட்டாரில் வரும் துரைக்கும், நடந்து வரும் துரைக்கும், ஆபீஸ் வாயிலில் நிற்கும் கிராணிக்கும் சைக்கிளை விட்டு இறங்கு என்பது என்ன? அங்கே மிரளுவதற்கு எந்த விலங்கு இருந்தது?

நம் பாட்டனார் கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்தவர்; 1941இல் அவருக்குப் பத்து வயது. அவருடைய தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளர். தவணையில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தாராம். கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது, மகனை முன்கம்பியில் வைத்து மிதித்து வருவார். கிராணியார் வீட்டு வேலி கண்ணிற்படும் இடத்தில் ஒரு கொன்றை மரம். அங்கே வந்ததும் கால் தானாக நின்றுவிடும். இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, வேலியின் மறுமுனை கடந்தபின்னரே ஏறுவார். கிராணியார் வீட்டிலில்லாத நாட்களிலும் அவ்வாறே. "ஏனப்பா, அவர்தான் இல்லையே" என்று சிறுவன் கேட்டதற்கு, "வீடு இருக்குதே" என்று விடை வந்ததாம். பாட்டனார் இதனைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். நாமும் சிரித்திருக்கிறோம். அது சிரிப்பதற்குரிய செய்தியன்று என்பது நமக்குத் தெரியவரப் பல ஆண்டுகள் ஆயின.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும், அதனை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனும் அவ்வெழுச்சிக்கு வழிகாட்டினர். சீனத் தொழிலாளர்க்கு ஒத்த கூலி கேட்டனர். வேலைநேரக் குறைப்புக் கேட்டனர். மருத்துவமும் பிள்ளைகட்குத் தமிழ்க் கல்வியும் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடுக என்றனர். தம் பெண்டிரைத் துரைமாரும் உத்தியோகத்தரும் தொல்லை செய்யாதிருக்க வேண்டுமென்றனர். பேசவும் கூடவும் உரிமை கேட்டனர். இவற்றோடு இன்னொன்றும் கேட்டனர்: ஐரோப்பிய நிர்வாகிகள் முன்னும் ஆசிய உத்தியோகத்தர் முன்னும் தொழிலாளர் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல இசைவு வேண்டும் என்று!

இக்கோரிக்கையை முதன்முதல் நாம் படித்தபோது, கூலிக்கும் மருந்துக்கும் நடுவே இச்சிறு பொருள் ஏன் வந்தது என்று எண்ணினோம். எழுதியோர் அறியாது எழுதினரல்லர். கூலி உயர்வைக் கணக்கில் காட்டலாம். இதனைக் கணக்கில் காட்ட இயலாது. துரைக்கு இதனால் ஒரு காசும் செலவில்லை. ரப்பர் விலையைக் காரணங்காட்டி மறுக்க முடியாத கோரிக்கை இஃதொன்றே. செலவில்லாத ஒன்றைக் கொடுக்க மறுப்பவன் காசுக்காக மறுக்கவில்லை என்பது அப்பொழுது வெளிப்பட்டுவிடும். கொன்றை மரத்தடியில் கால் நின்ற இடத்தைக் கண்டு எழுதியவர் எவரோ, அவர் நம் வணக்கத்திற்குரியவர்.

அரசாங்கம் விடையளித்த முறை வேறு. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மேலும் பரவிற்று. சிலாங்கூரில் அவசரநிலை விதிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டோரும் பலர்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது. ஆசிய உத்தியோகத்தர் என்று கோரிக்கையில் குறிக்கப்பட்டவர் கிராணிமார். பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளுமாக, ஆங்கிலம் படித்து, துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்றவர்கள். கறுப்புத் துரைகள் என்று லயத்து மக்கள் சொன்னது இவர்களைத்தான். துரைமுன் இவர்கள் நின்றனர். தம்முன் தொழிலாளி இறங்கவேண்டுமென எதிர்பார்த்தனர். தாம் வளைந்த வளைவை வேறொருவன் முதுகில் நிமிர்த்திப் பார்த்தனர் போலும். நம் பாட்டனார் பால்வெட்டியவர். தந்தையார் பால்நிறுக்கும் கொட்டகையில் குமாஸ்தாவாக உயர்ந்தார். நாம் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறோம். கொன்றை மரத்தடியில் இறங்கி நின்றவருடைய கொள்ளுப்பேரன் வேலிக்கு உட்புறம் வந்துவிட்டான். இதனை முன்னேற்றம் என்று வீட்டார் கூறுகின்றனர். நாமும் மறுப்பதில்லை.

வேலைநிறுத்தம் அடக்கப்பட்டு ஏழு மாதமும் முடியவில்லை. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கிற்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் விழுந்தது. இடையிலுள்ள 70 நாட்களில் அப்படையின் காலாட்கள் தீபகற்பத்தைக் கடந்தது பெரும்பாலும் சைக்கிளில். வெள்ளிச் சக்கரப் படை என்று ஜப்பானியர் அவர்களைப் பாராட்டினர். பின்வாங்கிய பிரிட்டிஷார் பாலங்களைத் தகர்த்தனர். சைக்கிளைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தவனுக்குப் பாலம் எதற்கு? டயர் கிழிந்தபோது வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினர். இரவில் அவ்வோசையைக் கவச வண்டிகளின் ஓசையென்று எதிரிகள் மயங்கினர் என்பர். தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளும் அவர்களுக்கு இராஜபாட்டையாயின. தொழிலாளி ஏறிச் செல்லலாகாதெனத் துரைமார் தடுத்த அதே பொருளின்மேல் வந்தவர்கள் துரைமாரை விரட்டினர். இதில் நாம் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. வந்தவர்கள் சைக்கிளைவிட்டு இறங்கி வணங்கும் வழக்கத்தை ஒழிக்கவில்லை. தங்கள் காவற்காரன் முன் யாவரும் தலைதாழ்த்தவேண்டுமென்றனர். சயாம் ரெயில்பாதைக்கென அவர்கள் கொண்டுசென்ற நம்மவருள் திரும்பாதவர் பல்லாயிரவர்.

தாயகத்திலும் இவ்வழக்கு இருந்தது. அங்கே துரை இல்லை, சாதி இருந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் மேற்சாதித் தெருவில் சைக்கிள் ஏறிச் செல்லலாகாது, செருப்பணிந்தும் செல்லலாகாது என்னும் கட்டு நெடுங்காலம் நிலவிற்று. முற்றும் ஒழிந்ததெனக் கூறுவார் இன்றும் இலர். பெண்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்கட்குக் கற்பித்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். வயல்வேலைப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் ஆயிரம் ஆயிரமாக ஏறினர். பெண்கள் ஓட்டும் வகையான சைக்கிள் கடைகளில் கிடைக்காமற்போகவே, ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கி ஓட்டினர். குதிரையேறிய அரசிகளைப் பற்றி நம் புலவர்கள் பாடியிருக்கலாம். குடத்தைப் பின்னாலும் குழந்தையை முன்னாலும் வைத்துச் சைக்கிள் மிதித்த இப்பெண்களைப் பாடியோர் சிலரே.

மீண்டும் நமது செம்மண் பாதைக்கு வருவோம். நம் நண்பருடைய தொழில் இந்நாடுகளில் மறைந்து வருகிறது. 1842இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பந்தயக் கழகத்தின் கடைசிப் பந்தயம் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் முடிந்தது. தலைமுறை தலைமுறையாகக் குதிரை பார்த்த கைகளுக்கு இனி வேலை எதுவென்று அவர் நம்மை அடிக்கடி கேட்கிறார். நம்மிடம் விடையில்லை. இப்போது அவருடைய குதிரை நம் வண்டிக்குப் பழகிவிட்டது. பின்னிருந்து வரும்போது நாம் உரக்கப் பேசிக்கொண்டு வருகிறோம். காதைப் பின்னுக்குத் திருப்பிக் கேட்டுவிட்டு அது நடக்கிறது. இறங்கத் தேவையில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் புதிதாக வேலைக்கு வந்த வங்காளதேசத்து இளைஞர் ஒருவர், பின்னால் கீரைக்கட்டு வைத்த சைக்கிளில் எதிரே வந்தார். எங்களைக் கண்டதும் சட்டென இறங்கி, வண்டியைப் புல்லோரம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நண்பர் அவரை நோக்கிக் கையுயர்த்தி, "குதிரைன்னு பயந்துட்டான்" என்றார். நாமும் அவ்வாறே எண்ணினோம்.

மறுநாள் திங்கட்கிழமை. குதிரை லாயத்தில் இருந்தது. நாம் மட்டும் சைக்கிளில் ஆபீசுக்குச் சென்றுகொண்டிருந்தோம். அதே இளைஞர் அதே பாதையில் எதிரே வந்தார்; நம்மைக் கண்டதும் இறங்கினார். நாமும் இறங்கினோம். இருவரும் அவரவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிறிதுநேரம் நின்றோம். ஏறுங்கள் என்று மலாய் மொழியில் சொன்னோம். அவர் புன்னகைத்துத் தலையசைத்தார். நாம் ஏறி மிதித்துச் சிறிது தொலைவு சென்று திரும்பிப் பார்த்தபோதுதான் அவர் ஏறினார்.